எண்ணெய் தள்ளும் டிராக்டரா, பல்சக்கர டிராக்டரா?

தஞ்சைப் பகுதியில் நெல் அறுவடை நடக்கும்போது வயலோரம் சற்று நின்று பார்த்திருக்கிறீர்களா? சங்கிலிப் பட்டைமேல் ஊர்ந்து வரும் அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர் ஒரே ஒரு நெம்புகோலைக் கையில் பிடித்திருப்பார். அதை முன்னால் சிறிது தள்ளினால் இயந்திரம் மெல்ல நகரும். இன்னும் தள்ளினால் வேகம் கூடும். பின்னால் இழுத்தால் அப்படியே பின்னோக்கி வரும். கிளட்சை மிதிப்பதில்லை, கியர் மாற்றும் 'கரகர' ஒலியும் இல்லை. எஞ்சின் மட்டும் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும்.

இனி உழவு டிராக்டரைப் பாருங்கள். கிளட்சை மிதிக்கிறார், கியரை மாற்றுகிறார், கிளட்சை விடுகிறார். வரப்புக்கு வந்ததும் மீண்டும் அதே மூன்று செயல்கள். இரண்டும் டீசலில் ஓடுபவை. இரண்டிலும் எஞ்சின் சுழல்கிறது, சக்கரம் உருள்கிறது. இடையில் இருக்கும் பொருள்தான் வேறு. ஒன்றில் எண்ணெய், மற்றதில் இரும்புப் பற்கள்.

இந்த வேறுபாட்டைப் பற்றி நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது என் தாய்மாமனால். பொள்ளாச்சிப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். மகளைப் பார்க்க அமெரிக்கா சென்று, பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மாதம் தங்கித் திரும்பினார். அங்கே அவருடைய மருமகன் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் ஒரு சிறு டிராக்டரை ஓட்டுகிறார். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மாமா, "மாப்பிள்ளை, அந்த வண்டியில் கிளட்ச் மிதிக்கிற வேலையே இல்லை. என் முழங்கால் வலி உனக்குத் தெரியுமே! நீதான் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறாயே, நானும் அப்படி ஒன்று தேடிப் பிடித்து வாங்கலாமா, சொல்லு" என்று கேட்டார்.

கேட்டவருக்கு முழங்கால் வலி; வாங்கப்போவது பல இலட்ச ரூபாய்ப் பொருள். உடனே விடை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள் மாமா" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் போட்டுப் பார்த்த கணக்கைத்தான் உங்கள்முன் வைக்கிறேன்.

இடையில் ஒரு வேகமாற்றி எதற்கு?

25 குதிரைத் திறன் கொண்ட சிறு டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 2,600 சுற்றுகள் சுழலும்போது முழுத் திறனைத் தருகிறது என்று கொள்வோம். 25 குதிரைத் திறன் என்பது ஏறத்தாழ 18.6 கிலோவாட். திறனைக் கோணத் திசைவேகத்தால் வகுத்தால் திருப்பு விசை கிடைக்கும். கணக்கிட்டால் சுமார் 68 நியூட்டன்-மீட்டர் வரும்.

பின் சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டர் என்றால் சுற்றளவு 3.14 மீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் உழ வேண்டுமானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 16 சுற்றுகள் சுற்றினால் போதும். எஞ்சின் 2,600 சுற்று, சக்கரம் 16 சுற்று! ஏறத்தாழ 160 மடங்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் குறையும்போது திருப்பு விசை அதே அளவில் பெருகும். இதுவே வேகமாற்றியின் முதல் பணி. முன்னோக்கி ஓடும் வண்டியைப் பின்னோக்கி ஓட வைப்பது இரண்டாவது பணி. எஞ்சினோ ஒரே திசையில்தான் சுழலும். ஆகவே திசையை மாற்றுவதும் இடையில் உள்ள உறுப்பின் பொறுப்புதான்.

தறி நாடா தந்த பெயர்

பழைய டிராக்டர்களில் பின்னோக்கிச் செல்ல ஒரே ஒரு கியர்தான் இருக்கும். முன்னால் செல்லும் கியரை விடுவித்து, அந்தக் கியரைத் தேடிப் போட வேண்டும். ஷட்டில் முறையில் அப்படியில்லை. திசைக்கென்றே தனி நெம்புகோல் ஒன்று, பெரும்பாலும் ஓட்டுசக்கரத்தின் அருகிலேயே இருக்கும். எந்த வேகக் கியரில் இருக்கிறோமோ அது மாறாது. திசை மட்டும் மாறும். தறியில் நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஓடுகிறதல்லவா? ஆங்கிலத்தில் அந்த நாடாவுக்கு ஷட்டில் என்று பெயர். வண்டியும் அதுபோல் முன்னும் பின்னும் போய் வருவதால் இந்தப் பெயர் வந்தது.

ஷட்டிலில் இரு வகைகள் உண்டு. ஒன்று சிங்க்ரோ ஷட்டில். இதில் கிளட்சை மிதித்து, வண்டியை நிறுத்தி, நெம்புகோலைத் தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் கூம்பு வடிவ வளையங்கள் இரு உறுப்புகளின் சுழற்சி வேகத்தைச் சமப்படுத்திய பிறகு பற்கள் ஓசையின்றிக் கோத்துக்கொள்ளும். மற்றொன்று பவர் ஷட்டில். இதில் எண்ணெயில் மூழ்கிய பல தட்டுகளைக் கொண்ட இரண்டு கிளட்சுகள் உண்டு. முன் திசைக்கு ஒன்று, பின் திசைக்கு ஒன்று. நெம்புகோலை அசைத்தால் எண்ணெய் அழுத்தம் ஒன்றை விடுவித்து மற்றொன்றை இறுக்கும். காலால் மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் விலை கூடுதல்.

நான்கு மடங்கு வெப்பம்

மாணவர்களுக்கு இங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஓட்டுநரையும் சேர்த்து 1,200 கிலோகிராம் எடையுள்ள டிராக்டர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. அதன் இயக்க ஆற்றல் 2,400 ஜூல். அதே வேகத்தில் அதைப் பின்னோக்கி ஓட வைக்க வேண்டும்.

முதல் வழி: பிரேக்கை மிதித்து நிறுத்தி, பிறகு பின்னோக்கிப் புறப்படுவது. நிறுத்தும்போது 2,400 ஜூல் பிரேக்கில் வெப்பமாகும். புறப்படும்போது கிளட்ச் வழுக்கிப் பிடிப்பதால் இன்னும் 2,400 ஜூல் கிளட்சில் வெப்பமாகும்.

இரண்டாம் வழி: பிரேக்கைத் தொடாமல் ஓடுகிற ஓட்டத்திலேயே திசை நெம்புகோலைத் தள்ளுவது. இப்போது கிளட்சின் ஒரு பக்கம் பின்னோக்கி 2 மீட்டர் வேகத்துக்கு உரிய சுழற்சியில் இருக்கிறது. மறுபக்கம் முன்னோக்கி 2 மீட்டர் வேகத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள ஒப்புமை வேகம் 4 மீட்டர். வேகம் இரட்டித்தால் அதன் வர்க்கம் நான்கு மடங்காகும். ஆகவே கிளட்சில் பிறக்கும் வெப்பம் 9,600 ஜூல்!

இரண்டு மடங்காகத்தானே இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வண்டியின் இயக்க ஆற்றல் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றே. எனவே திருப்பும்போது எஞ்சின் செய்த வேலை முழுவதும் வெப்பமாகத்தான் போயிருக்க வேண்டும். அந்த வேலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதே 9,600 ஜூல் வரும்.

ஆகவே பவர் ஷட்டில் வைத்திருப்பவரும், முடிந்தபோதெல்லாம் வேகத்தைத் தணித்து நிறுத்தி, பிறகு திருப்புவது நல்லது. கிளட்சுக்கு வரும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகிவிடும். சிங்க்ரோ ஷட்டிலிலோ இது விருப்பம் அன்று, கட்டாயம். அந்தச் சிறு கூம்பு வளையங்கள் வண்டியின் எடையைத் தடுத்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பாஸ்கல் கண்ட உண்மை

இனி எண்ணெய்க்கு வருவோம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்டறிந்தார். 1662-இல் அவர் இறந்தார். இதைப் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது. 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இந்த விதியைக் கொண்டு நீரியல் அழுத்தி செய்து காப்புரிமை பெற்றார். டிராக்டரில் இதைப் புகுத்தும் முயற்சி மிகவும் பிந்தியது. 1954-இல் இங்கிலாந்தின் வேளாண் பொறியியல் ஆய்வு நிலையம், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் சோதனை டிராக்டர் ஒன்றைக் காட்டியது. 1967-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் அத்தகைய பண்ணை டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் புல் வெட்டும் சிறு வண்டிகளிலும் சிறு டிராக்டர்களிலும் இம்முறை நிலைபெற்றது. இதற்கு ஹைட்ரோஸ்டேட்டிக் இயக்கம் என்று பெயர்.

அமைப்பு எளியது. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. வேலை முடித்த எண்ணெய் மீண்டும் பம்புக்கே திரும்புகிறது. மோட்டார் என்றதும் மின் மோட்டாரை நினைக்க வேண்டாம். பம்பைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் அதுவே எண்ணெய் மோட்டார்.

பம்புக்குள் துப்பாக்கிக் குண்டு உருளையைப் போன்ற ஓர் இரும்பு உருண்டை சுழல்கிறது. அதில் வட்டமாகத் துளைத்த ஏழு அல்லது ஒன்பது துளைகளில் சிறு பிஸ்டன்கள் இருக்கின்றன. பிஸ்டன்களின் மறுமுனைகள் ஒரு தட்டின்மேல் வழுக்கிச் செல்கின்றன. இந்தத் தட்டுதான் முழு இரகசியமும்.

தட்டு நேராக இருந்தால் பிஸ்டன்கள் சுற்றிவருமேயன்றி உள்ளும் புறமும் அசையா. எண்ணெய் நகராது, வண்டியும் நகராது. தட்டைச் சற்றுச் சாய்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன்கள் சிறிது உள்ளே போய் வெளியே வரும். சிறிது எண்ணெய் பாயும். வண்டி மெல்லப் போகும். மேலும் சாய்த்தால் மேலும் வேகம். எதிர்ப்பக்கம் சாய்த்தால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடும். வண்டி பின்னே வரும். ஓட்டுநர் காலடியில் உள்ள மிதி இந்தத் தட்டைத்தான் சாய்க்கிறது. எண்ணற்ற கியர்களைக் கொண்ட ஒரு பெட்டி என்று இதைச் சொல்லலாம்.

இதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. புல் வெட்டும் கருவியையும் ரோட்டவேட்டரையும் சுழற்றுவது டிராக்டரின் பின்புறம் நீண்டிருக்கும் சுழல்தண்டு. அது நிமிடத்துக்கு 540 சுற்றுகள் சுழல வேண்டும். எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் இதுவும் குறைந்துவிடும். ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டரில் எஞ்சினைத் தொடாமலே, தண்டின் சுழற்சி குறையாமலே, வண்டியின் வேகத்தை மட்டும் வேண்டிய அளவு குறைக்கலாம். புல் அடர்ந்த இடத்தில் மெல்லவும், தளர்ந்த இடத்தில் வேகமாகவும் போகலாம்.

இழுக்காவிட்டால் மிதியைத் தளர்த்துங்கள்!

ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டரைப் புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வண்டி மண்மேட்டில் முட்டி நிற்கிறது. உடனே மிதியை இன்னும் அழுத்துவார்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும்.

பம்பு ஒரு சுற்றுக்கு 20 கன சென்டிமீட்டர் எண்ணெய் தள்ளுவதாகக் கொள்வோம். மோட்டாரும் அதே அளவுடையது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்தில் அந்த மோட்டார் தரும் திருப்பு விசை சுமார் 64 நியூட்டன்-மீட்டர். தட்டு முழுச் சாய்வில் இருக்கும்போது அந்த அழுத்தத்தை உண்டாக்க எஞ்சினும் 64 நியூட்டன்-மீட்டர் கொடுக்க வேண்டும். நம் எஞ்சினிடம் இருப்பதோ 68. இனி 300 மடங்கு அழுத்தம் வேண்டுமானால் 95 நியூட்டன்-மீட்டர் தேவை. எஞ்சின் எங்கே போகும்?

தட்டின் சாய்வைக் குறைத்துப் பம்பு 10 கன சென்டிமீட்டர் மட்டும் தள்ளும்படி செய்தால், அதே 300 மடங்கு அழுத்தத்தை 48 நியூட்டன்-மீட்டரில் உண்டாக்கிவிடலாம். மோட்டாரின் வேகம் பாதியாகும். ஆனால் சக்கரத்துக்குக் கிடைக்கும் திருப்பு விசை ஒன்றரை மடங்காகும். மிதியைத் தளர்த்துவது என்பது கீழ்க் கியர் போடுவதற்கு ஒப்பாகும். அப்படியும் வண்டி நகராவிட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து எண்ணெய் வழிந்தோடும். வால்வு சீறும் ஒலி கேட்டால் விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சினின் ஆற்றல் எல்லாம் எண்ணெயைக் காய்ச்சுவதற்கே போகிறது.

வசதிக்குக் கொடுக்கும் விலை

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. நன்கு செய்யப்பட்ட ஒரு சோடிப் பல்சக்கரம் தான் பெற்ற திறனில் சுமார் 98 விழுக்காட்டை அடுத்ததற்குக் கொடுத்துவிடும். நான்கு சோடிகளைக் கடந்தாலும் 92 விழுக்காடு மிஞ்சும். எண்ணெய்ப் பம்பில் கசிவாலும் உராய்வாலும் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று கொண்டால், மோட்டாரிலும் பத்தில் ஒரு பங்கு போகும். மிஞ்சுவது 81 விழுக்காடு. அதற்குப் பிறகும் இரண்டு சோடிப் பல்சக்கரங்கள் இருக்கும். முடிவில் 78 விழுக்காடு.

அதாவது, 25 குதிரைத் திறனில் பல்சக்கர டிராக்டரின் பின் அச்சுக்கு 23 வந்து சேரும். எண்ணெய் டிராக்டரில் 19.5 தான். இடையே உள்ள வேறுபாடு மூன்றரைக் குதிரைத் திறன், ஏறத்தாழ 2,600 வாட். வேலை செய்யும் நேரமெல்லாம் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டரையை எண்ணெய்க்குள் வைத்துச் சூடாக்குவதற்குச் சமம் இது. அந்த வெப்பத்துக்கும் டீசல்தான் செலவாகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இழப்பு வண்டியை நகர்த்தும் திறனுக்கு மட்டுமே. புல் வெட்டும்போது திறனின் பெரும்பகுதி சுழல்தண்டு வழியாகப் போகிறது. வண்டி நகர்வதற்குச் சிறு பங்கே போதும். ஆகவே இழப்பும் சிறிது. கலப்பையை இழுக்கும்போதோ, பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சாலையில் இழுக்கும்போதோ முழுத் திறனும் சக்கரத்துக்கே போகிறது. அங்கேதான் இழப்பு உறைக்கும். 1995-இல் ஜெர்மனியின் ஃபெண்ட் நிறுவனம் காட்சிக்கு வைத்த பெரிய டிராக்டரில், திறனின் ஒரு பகுதியை எண்ணெய் வழியாகவும் மற்றொரு பகுதியைப் பல்சக்கரம் வழியாகவும் அனுப்பினார்கள். இந்த இழப்பைக் குறைக்கும் வழி அது. ஆனால் அதன் விலை சிறு உழவருக்கு எட்டாது.

சரிவும் பழுதும்

மிதியிலிருந்து காலை எடுத்தால் ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டர் தானே நின்றுவிடும். எண்ணெய் அடைபட்டு மோட்டாரைப் பிடித்துக்கொள்கிறது. இதை நம்பிச் சரிவில் வண்டியை விட்டு இறங்குவது ஆபத்து. பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே மைக்ரான் கணக்கில் இடைவெளி உண்டு. அதன் வழியே எண்ணெய் மெல்லக் கசியும். வண்டி ஊர்ந்து நகரும். ஆகவே கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பல்சக்கர டிராக்டரில் சரிவில் இறங்கும்போது கிளட்சை மிதித்துவிட்டால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும். அங்கும் உயிருக்கு ஆபத்துதான். கீழ்க் கியரைப் போட்டுக்கொண்டு இறங்குவதே முறை.

அந்த நுண்ணிய இடைவெளிக்குள் ஒரு மணல் துகள் புகுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஹைட்ரோஸ்டேட்டிக் இயக்கத்துக்கு எண்ணெயின் தூய்மைதான் உயிர். உரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும். கிளட்ச் தட்டுத் தேய்ந்தால் உள்ளூர் மெக்கானிக் பிரித்து மாற்றிவிடுவார். பம்பு தேய்ந்தால் தூசியற்ற பட்டறை வேண்டும். பல வேளைகளில் முழுப் பகுதியையே மாற்ற நேரிடும். பாட்டரி இறங்கிவிட்டால் பல்சக்கர டிராக்டரைச் சரிவில் உருட்டிக் கிளப்பலாம். எண்ணெய் டிராக்டரில் அது நடவாது.

சுவரில் போட்ட கரிக்கோடுகள்

ஒரு வாரம் கழித்து மாமாவிடம் போனேன். "மாமா, வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வாடகை டிராக்டர் உங்கள் தோப்பில் ஓடும்போது, எத்தனை முறை முன்னே பின்னே திரும்புகிறது என்று எண்ணி வையுங்கள்" என்றேன். அவர் மோட்டார் அறைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தார். காலை முதல் உச்சி வரை ரோட்டவேட்டர் ஓட்டியதில் 22 கோடுகள். தென்னை வரிசைகள் நீளமானவை. வரிசை முடிவில்தான் திருப்பம். பிற்பகலில் 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்குத் தேங்காய் ஏற்றிப் போனதில் 4 கோடுகள்.

அன்று இரவு மருமகனோடு தொலைபேசியில் பேசியபோது அவரையும் எண்ணச் சொன்னோம். மரங்களைச் சுற்றிப் புல் வெட்டி, முன்தொட்டியால் உரமண் அள்ளிப் போட்டதில் ஒரு மணி நேரத்திலேயே 70-க்கு மேல் ஆகிவிட்டதாம். குளிர்காலத்தில் பனி தள்ளும்போது இன்னும் கூடுமாம்.

விடை சுவரிலேயே இருந்தது. நீண்ட நேரம் ஒரே வேகத்தில் இழுப்பது, சாலையில் பாரம் கொண்டுபோவது, உள்ளூரிலேயே பழுது பார்ப்பது ஆகியவை முதன்மையானால் பல்சக்கரமும் ஷட்டிலும் ஏற்றவை. நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றுவது, மரங்களுக்கும் சுவர்களுக்கும் இடையே நுழைந்து வருவது, பலர் மாறி மாறி ஓட்டுவது ஆகியவை முதன்மையானால் ஹைட்ரோஸ்டேட்டிக். முன்தொட்டி வேலையும் உழவும் சரிபாதியாக இருந்து, கையில் பணமும் இருந்தால் பவர் ஷட்டில். நம் நாட்டுச் சந்தையில் சிறு டிராக்டர்கள் பெரும்பாலும் பல்சக்கர வகையாக இருப்பதற்கும், அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் எண்ணெய் வகை மிகுந்திருப்பதற்கும் காரணம் வேலையின் இயல்புதான். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பது இங்கே கேள்வியே அன்று.

மாமா சிங்க்ரோ ஷட்டில் டிராக்டரைத்தான் வாங்கினார். "முழங்காலுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவைதானே, தாங்கிக்கொள்வேன். டிரெய்லருக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்கிறேன்" என்றார். அந்தக் கரிக்கோடுகளை அவர் இன்னும் அழிக்கவில்லை.

நீங்களோ உங்கள் வீட்டாரோ இயந்திரம் ஒன்றை வாங்கப் போகும்போது, விற்பவர் சொல்வதைக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்தாரையும் கேளுங்கள். அதற்கு முன்னால், உங்கள் வேலையை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அறிவியல் என்பது பல வேளைகளில் ஒரு கரித்துண்டிலிருந்தே தொடங்குகிறது.